கேபிள் கழுத்தில் உடைந்தால் உங்கள் தவறல்ல: ஆறு மாத வாரண்டியைக் கேட்டு வாங்குவது எப்படி

போன் பில்லில் "1 வருட வாரண்டி" என்று இருப்பதைப் பார்த்ததும், பெட்டிக்குள் வந்த எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான் என்று நினைத்துவிடுகிறோம். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அப்படி இல்லை. போனுக்கு 12 மாதம், கூடவே வரும் சார்ஜர், கேபிள் வகையறாவுக்கு 6 மாதம். வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் இது இருக்கும். ஆப்பிள் தன் பெட்டிக்குள் வைத்துத் தரும் கேபிளுக்கும் 1 வருடம் தருகிறது. எந்த நிறுவனமானாலும் நாள் கணக்கு பில் தேதியில் தொடங்குகிறது. கேபிளை என்றைக்கு முதன்முதலாகச் செருகினீர்கள் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள்.

கேபிள் ஒரே நாளில் செத்துவிடுவதில்லை. நட்டம் வருவதே அதனால்தான். நாலாவது, ஐந்தாவது மாதத்தில் "கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஏறுகிறது" என்ற நிலைக்கு வரும். தலையணையில் முட்டுக்கொடுத்து, ரப்பர் பேண்ட் சுற்றி, இன்சுலேஷன் டேப் ஒட்டி ஓட்டிக்கொண்டே போவோம். முழுசாக நிற்கும்போது ஏழாவது மாதம் ஆகியிருக்கும். சாய்த்துப் பிடிக்க வேண்டிய நிலை வந்த அன்றே அந்தக் கேபிள் பழுது. அன்றே புகாரைப் பதிந்துவிட வேண்டும். டேப் ஒட்டிய கேபிளைக் கொண்டுபோனால், "நீங்களே பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள்" என்று திருப்பி அனுப்ப சர்வீஸ் சென்டருக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

தேதிக்குள் சர்வீஸ் சென்டருக்குப் போனாலும், பொருளை வாங்கிக்கொண்டு அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட் என்ற சீட்டில் இரண்டு சொற்கள் வந்து விழும்: "ஃபிசிக்கல் டேமேஜ்". பிளக்குக்குப் பக்கத்தில் மேல்தோல் லேசாக வெடித்திருந்தாலே இதை எழுதிவிடுகிறார்கள். அப்படியே தலையாட்டிவிட்டு வரக்கூடாது. கேபிள் என்பது வளைவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். மேசையிலும் கட்டிலிலும் எல்லோரும் வளைக்கிற மாதிரி வளைத்து, அது ஆறு மாதத்துக்குள் உடைகிறதென்றால், குறை செய்த விதத்தில் இருக்கிறது. கத்தி பட்டது, நாய் கடித்தது, கதவிடுக்கில் நசுங்கியது, நெருப்பில் கருகியது, இவை சேதம். பிளக்கை ஒட்டிய கழுத்தில் வெடித்தது குறைபாடு. இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கழுத்து ஏன் முதலில் போகிறது

சார்ஜர் பக்கம் அகலமான டைப்-ஏ தலையும், போன் பக்கம் சின்ன டைப்-சி தலையும் கொண்ட சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நாலு வயர் இருக்கும். சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ், பச்சையும் வெள்ளையும் டேட்டா. இரண்டு பக்கமும் டைப்-சி என்றால் கூடுதலாக சிசி என்ற ஒரு வயர் உண்டு. சார்ஜரும் போனும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பேசி முடிவுசெய்வது அதன் வழியாகத்தான்.

ஒவ்வொரு வயரும் பல மெல்லிய செம்பு இழைகளின் கட்டு. பிளக் கெட்டியானது, வயர் வளையக்கூடியது. கெட்டி முடிந்து வளைவு தொடங்கும் அந்த ஓரிடத்தில்தான் எல்லா வளைவும் வந்து குவிகிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்பதுபோல இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. இந்த வளைவை ஒரே இடத்தில் விழவிடாமல் நாலைந்து இடங்களுக்குப் பரப்பிவிடத்தான் பிளக்குக்குப் பின்னால் நெளிநெளியான ரப்பர் குழாய் வைக்கிறார்கள். அந்தக் குழாய் குட்டையாகவோ மிகக் கெட்டியாகவோ இருந்தால் பயனில்லை. உடைகிற இடம் பிளக்கின் ஓரத்திலிருந்து குழாயின் ஓரத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

போன் பக்கக் கழுத்துதான் பெரும்பாலும் முதலில் போகும். சார்ஜ் போட்டபடி போனைக் கையில் வைத்துப் பார்ப்பதும், பிளக்கை நெஞ்சின் மேலோ மெத்தையின் மேலோ ஊன்றிக்கொள்வதும் காரணம். பிளக்கைப் பிடித்துக் கழற்றாமல் வயரைப் பிடித்து இழுப்பதும் சேர்ந்துகொள்ளும்.

மலிவான கேபிள்களில் இன்னொரு குறை உண்டு. செம்புக்குப் பதிலாக, செம்பு முலாம் பூசிய அலுமினிய இழைகளைப் போட்டிருப்பார்கள். அலுமினியம் செம்பைவிட மின்சாரத்தைக் குறைவாகக் கடத்தும், மடக்கினால் சீக்கிரம் ஒடியும். செத்துப்போன கேபிளை வெட்டி, இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே சிவந்து உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். மேலே வெள்ளையாக, உள்ளே சிவந்து இருந்தால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. வாரண்டிக்குக் கொடுக்கப்போகும் கேபிளில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

வயரின் தடிமன் ஏடபிள்யூஜி என்ற எண்ணால் குறிக்கப்படும். எண் கூடக்கூட வயர் மெலியும். 28 எண் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் மின்சாரம் போகவும் வரவும் இரண்டு மீட்டர் ஓடுகிறது, ஆக 0.43 ஓம் அளவு. அதில் 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ட் காணாமல் போகும். சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் போனுக்கு வந்து சேருவது 4.15 தான். 24 எண் வயரில் இதே கணக்குக்கு இழப்பு 0.34 வோல்ட். டைப்-சி தரநிர்ணயம், 3 ஆம்பியர் ஓடும்போது பிளஸ் வயரில் 0.5 வோல்ட், மைனஸ் வயரில் 0.25 வோல்ட் என்ற அளவுக்குமேல் இழப்பு இருக்கக்கூடாது என்கிறது. இழைகளில் பாதி அறுந்துபோன கழுத்தில் மின்தடை ஒரே புள்ளியில் ஏறும், அந்தப் புள்ளி மட்டும் சுடும். கேபிளின் ஒரு இடம் மட்டும் தொட்டால் சுடுகிறதென்றால் இனி அதைச் செருகவே வேண்டாம். வாரண்டி கிடைக்கிறதோ இல்லையோ, அதன் ஆயுள் முடிந்தது.

பழுது கேபிளிலா, போனிலா

சர்வீஸ் சென்டருக்குக் கிளம்புமுன் இதை உறுதிசெய்வது முக்கியம். கேபிளுக்கு வாரண்டி முடிந்திருந்தாலும் போர்ட், அதாவது போனில் கேபிளைச் செருகும் துளை, பழுதென்றால் போனின் 12 மாத வாரண்டி கைகொடுக்கும். பலர் இதைத் தெரியாமல் புதுக் கேபிள் வாங்கி, அதுவும் ஏறாமல், பிறகு போர்ட்டுக்கும் காசு கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதே சார்ஜர், வேறு கேபிள், அதே போன். அடுத்து அதே கேபிள், வேறு போன். வேறு கேபிளில் சரியாக ஏறி, இந்தக் கேபிள் எந்தப் போனிலும் தகராறு செய்தால் குற்றவாளி கேபிள்தான். இந்தக் கேபிள் மற்றப் போனில் ஒழுங்காக வேலைசெய்து, உங்கள் போன் எந்தக் கேபிளையும் ஏற்கவில்லை என்றால் போர்ட்.

டைப்-சி போனில் இன்னொரு நல்ல சோதனை இருக்கிறது. பிளக்கை ஒருமுறை செருகிப் பாருங்கள், பிறகு தலைகீழாகத் திருப்பிச் செருகிப் பாருங்கள். கேபிளின் தலையில் சிசி வயர் ஒன்றுதான். போனின் போர்ட்டில் அதற்கான தொடுமுனை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளின் சிசி வயர் அறுந்திருந்தால் எப்படிச் செருகினாலும் ஏறாது. டைப்-சி சார்ஜர் மறுபக்கம் போன் இருக்கிறது என்று அந்த வயர் வழியாகத் தெரியாதவரை மின்சாரத்தையே விடுவதில்லை. ஒரு பக்கம் செருகினால் ஏறுகிறது, திருப்பினால் ஏறவில்லை, இரண்டு மூன்று கேபிள்களிலும் இதே கதை என்றால் போர்ட்டில் ஒரு தொடுமுனை போய்விட்டது அல்லது அழுக்கேறிவிட்டது. இதை ஜாப் ஷீட்டில் "ஒரு திசையில் மட்டும் சார்ஜ் ஏறுகிறது" என்று எழுதச் சொல்லுங்கள். இப்படித் துல்லியமாகச் சொல்கிற புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மெதுவாக மட்டும் ஏறுகிறதென்றால் போனைக் கணினியில் இணைத்துப் பாருங்கள். சார்ஜ் ஏறி, கோப்பு மாற்றும் கேள்வி மட்டும் வராவிட்டால் டேட்டா வயர்கள் அறுந்திருக்கலாம். டைப்-ஏ சார்ஜர்களில் வேகச் சார்ஜிங் பெரும்பாலும் டேட்டா வயர் வழியாகப் பேசித்தான் தொடங்கும், ஆகவே அவை போனால் வேகமும் போய்விடும். சில நிறுவனங்களின் சொந்த வேகச் சார்ஜிங் முறைகள் அவர்களுடைய கேபிளில் மட்டுமே முழு வேகத்தில் ஓடும், டைப்-ஏ தலைக்குள் கூடுதல் தொடுமுனைகூட வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட போனுக்குக் கடையில் ஏதோ ஒரு கேபிளை வாங்கிப் போட்டுவிட்டால் போன் ஏறும், ஆனால் மணிக்கணக்கில் ஏறும். அதனால்தான் பெட்டியில் வந்த கேபிளின் வாரண்டியை விடக்கூடாது என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிளக் தொளதொளவென்று கழன்று விழுவது வேறு சங்கதி. புதுக் கேபிள் செருகினாலும் விழுகிறதென்றால் போர்ட்டின் அடியில் பஞ்சு, தூசி அடைந்திருக்கிறது. பையில் போட்டு எடுக்கும் போன்களில் இது சகஜம். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியை இன்னும் மெலிதாகச் சீவி, ஓரங்களில் மட்டும் மெதுவாகக் கெல்லி எடுங்கள். குண்டூசி, சிம் எடுக்கும் ஊசி இரண்டையும் உள்ளே விடவே கூடாது. போர்ட்டின் நடுவில் நிற்கும் மெல்லிய நாக்கில்தான் எல்லாத் தொடுமுனைகளும் இருக்கின்றன. அது கீறினாலோ வளைந்தாலோ போனின் வாரண்டிக்கே "ஃபிசிக்கல் டேமேஜ்" வந்துவிடும். புதுக் கேபிள் கச்சிதமாக நின்று பழையது மட்டும் விழுகிறதென்றால், பழையதின் தலைக்குள் இருக்கும் பிடிமானச் சுருள்தகடு தளர்ந்துவிட்டது. டைப்-சி இணைப்பு 10,000 முறை செருகிக் கழற்றத் தாங்க வேண்டும் என்பது தரநிர்ணயம். ஒரு நாளைக்குப் பத்து முறை செருகிக் கழற்றினாலும் ஆறு மாதத்தில் 1,800 முறைதான் ஆகும். இந்தக் கணக்கைப் புகாரில் எழுதலாம்.

கருத்துப்போன, பச்சை பிடித்த தொடுமுனை இருந்தால் ஈரம் காரணம். வியர்வைக் கையோடு, கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், மின்சாரம் ஓடும் தொடுமுனை சீக்கிரம் அரிக்கும். இதை நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. போனுக்குள் இருக்கும் ஈரங்காட்டிப் பட்டை நிறம் மாறாமல் இருந்தால் மட்டும் வாதாட இடமுண்டு.

சர்வீஸ் சென்டரில்

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: கேபிள், அதோடு வந்த சார்ஜர், போன், பில், வாரண்டி அட்டை, ஐஎம்இஐ எண் உள்ள பெட்டி. பெட்டிக் கேபிளுக்குத் தனி ஐஎம்இஐ கிடையாது, போனின் எண்ணை வைத்துத்தான் பதிவார்கள். தெர்மல் தாளில் அடித்த பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வைத்துவிடுங்கள். பில் இல்லாவிட்டால் சில நிறுவனங்கள் போன் முதலில் இயங்கத் தொடங்கிய தேதியை வைத்துப் பார்க்கும், ஆனால் அது அவர்கள் விருப்பம்.

அங்கே வழக்கமாக நடப்பது இதுதான். கேபிளை வாங்கி அவர்கள் சோதனைப் போனில் செருகுவார்கள். சார்ஜ் அடையாளம் வரும். "நல்லாத்தானே ஏறுது சார்" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். விட்டுவிட்டு வரும் பழுதை இரண்டு விநாடியில் பார்க்க முடியாது. ஆகவே வீட்டிலேயே ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓட்டத்தில், வெட்டு இல்லாமல், கேபிளின் இரு தலைகளும் தெரியும்படி, போன் திரையில் சார்ஜ் அடையாளம் வந்து போவதும், கழுத்தை லேசாக அசைக்கும்போது அது மாறுவதும் தெரிய வேண்டும். பிறகு நல்ல கேபிளைச் செருகி அது நிலையாக நிற்பதையும் அதே வீடியோவில் காட்டுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல கேபிளில் எத்தனை ஆம்பியர், இதில் எத்தனை என்று எண்ணாகவே காட்டிவிடலாம். அளக்கும்போது பேட்டரி 20 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 80 தாண்டினால் போன் தானாகவே மின்சாரத்தைக் குறைக்கும், கேபிள்மேல் வீண்பழி விழும்.

ஜாப் ஷீட் இல்லாமல் கேபிளைக் கொடுக்காதீர்கள். "ஸ்டாக் இல்லை, வந்ததும் போன் பண்றோம்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது ரொம்பச் சாதாரணம். இரண்டு வாரம் கழித்துப் போனால் ஆறு மாதம் முடிந்திருக்கும், முன்பு வந்ததற்கு ஒரு சுவடும் இருக்காது. ஸ்டாக் இல்லாவிட்டாலும் ஜாப் ஷீட் போடலாம், போட வேண்டும். அதில் பழுதின் விவரம், ஒப்படைத்த தேதி, கேபிளின் வெளித்தோற்றம் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். "வெளித்தோற்றத்தில் வெட்டு, கருகல் எதுவும் இல்லை" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். பிறகு "ஃபிசிக்கல் டேமேஜ்" என்று மாற்றிச் சொல்ல வழியிருக்காது.

மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். மறுப்புக்கான காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே நிறுவனத்தின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு இப்படி எழுதுங்கள்:

"இன்ன தேதியில் இன்ன மாடல் போன் வாங்கினேன். பில் நகல் இணைப்பில். பெட்டியில் வந்த சார்ஜிங் கேபிள் போன் பக்கப் பிளக் அருகே உள்ளே அறுந்து, விட்டுவிட்டுச் சார்ஜ் ஏறுகிறது. வேறு கேபிளில் போன் சரியாக இயங்குகிறது, வீடியோ இணைப்பில். கேபிளில் வெட்டோ நசுங்கலோ கருகலோ இல்லை. இன்று உங்கள் சர்வீஸ் சென்டர் 'ஃபிசிக்கல் டேமேஜ்' என்று வாய்மொழியாக மறுத்தது. சாதாரணப் பயன்பாட்டில் வளைவைத் தாங்காதது உற்பத்திக் குறைபாடு. வாரண்டிக் காலத்துக்குள் கேபிளை மாற்றித் தரவும், மறுத்தால் எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும் கோருகிறேன்."

கடைசி வரிதான் இதில் வேலைசெய்யும். வாரண்டி அட்டையில் கழுத்து வெடிப்பு விலக்கு என்று எழுதியிருந்தால் அவர்கள் காட்டுவார்கள். எழுதியிராவிட்டால் மாற்றித் தருவதுதான் அவர்களுக்கும் சுலபம். இந்த மின்னஞ்சலின் தேதி இன்னொன்றையும் காப்பாற்றுகிறது: ஆறு மாதத்துக்குள் குறையைச் சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி.

மாற்றிக் கொடுத்த கேபிளுக்குப் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் பழைய வாரண்டியில் மிச்சமிருக்கும் நாட்கள்தான். டெலிவரி சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டிக் கேபிள் இலவசமல்ல

பெட்டியில் வரும் கேபிளை இனாமாகத் தந்ததுபோல நிறுவனங்கள் நடத்துவதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2015 நவம்பரில், கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் கடைகளில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிவந்தார். டைப்-ஏ முதல் டைப்-சி வரையிலான கேபிளின் தலைக்குள், எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று போனுக்குச் சொல்லும் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். ஒன்பிளஸ் என்ற போன் நிறுவனத்தின் கேபிளில் 10 கிலோ ஓம் இருந்தது. அதனால் வேறு நிறுவனப் போன், சார்ஜரின் சக்திக்கு மீறி 3 ஆம்பியர்வரை இழுக்க வாய்ப்பு இருந்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தது, ஆனால் கேபிளைத் தனியாக வாங்கியவர்களுக்கு மட்டும். ஒன்பிளஸ் 2 பெட்டியில் வந்த அதே கேபிளுக்குப் பணம் இல்லை. மறுவருடம் பிப்ரவரியில் ஆப்பிள் செய்தது இதற்கு நேர்மாறு. 2015 ஜூன் வரை மேக்புக்கோடு வந்த டைப்-சி கேபிள்களில் வடிவமைப்புக் குறை இருப்பதாக அறிவித்து, பெட்டிக் கேபிளையும் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. இரண்டாவதுதான் முறை. பெட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுத்திருக்கிறோம்.

தனியாக வாங்கிய கேபிள் என்றால் அதற்கென்று ஒரு பில், அதற்கென்று ஒரு வாரண்டி. சில பிராண்டுகள் வாங்கிய சில நாட்களுக்குள் கியூஆர் கோடு வழியாகப் பதிவுசெய்யச் சொல்லும், பதியாவிட்டால் வாரண்டிக் காலம் குறையும். "லைஃப்டைம் வாரண்டி" என்று பெரிதாகப் போட்டிருந்தால் நிபந்தனையைப் படியுங்கள், பல நேரம் அது அந்த மாடல் விற்பனையில் இருக்கும் காலத்தைத்தான் குறிக்கும். கூரியர் செலவு யார் தலையில் என்பதையும் பாருங்கள். போக ஒரு செலவு, வர ஒரு செலவு என்றால் 300 ரூபாய்க் கேபிளுக்கு வாரண்டி இருந்தும் இல்லாததுபோலத்தான். சில நிறுவனங்கள் பழைய கேபிளை அனுப்ப வேண்டாம், நடுவில் வெட்டிப் படம் அனுப்பினால் போதும் என்கின்றன. அது நல்ல ஏற்பாடு, ஆனால் மாற்றித் தருவதாக மின்னஞ்சலில் உறுதிசெய்த பிறகே கத்தரிக்கோலை எடுங்கள்.

ஆன்லைனில் வாங்கியதென்றால் தளத்தின் 7 நாள் மாற்றும் வசதியும் பிராண்டின் வாரண்டியும் வேறுவேறு. முதலாவது முடிந்ததும் "இனி பிராண்டைக் கேளுங்கள்" என்பார்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அரட்டைப் பெட்டியில் எழுதுவதைவிட அவருக்கு எழுதுங்கள்.

அதற்கு மேலும் மறுத்தால்

1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் பதியலாம். பதிந்ததும் ஒரு டாக்கெட் எண் தருவார்கள். பெரிய போன் நிறுவனங்களும் விற்பனைத் தளங்களும் இந்த உதவி மையத்தோடு நேரடியாக இணைந்திருப்பதால், புகார் நிறுவனத்தின் வேறொரு மேசைக்குப் போகிறது. சர்வீஸ் சென்டரில் முடியாதது அங்கே முடிய வாய்ப்பு அதிகம். கேபிள் அளவிலான தகராறுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

போதாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். குறைபாட்டைச் சோதித்தால்தான் தெரியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆகவே பழுதான கேபிளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஒரு கேபிளுக்காக ஆணையம்வரை போவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். ஆனால் கேபிளால் போர்ட்டோ போனோ கெட்டிருந்தால் போவதே சரி.

தெருமுனைக் கடையிலும் சந்தையிலும் வாங்கும் கேபிளின் கதை வேறு. "செக்கிங் வாரண்டி மட்டும்தான்" என்பார்கள், கடையிலேயே செருகிப் பார்த்துக்கொள்வதோடு சரி. சில கடைகளில் கேபிளின் மேல் தேதி எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒட்டி ஒரு மாதம், மூன்று மாதம் என்று தருவார்கள். அந்த ஸ்டிக்கர் அழிந்தால் வாரண்டியும் அழிந்தது, அதனால் அதையும் படமெடுத்து வையுங்கள். பில் கேளுங்கள். கேட்டும் பில் தராதது சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பது குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

பெயரில்லாக் கேபிளால் போன் எரிந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கும் இதே சட்டத்தில் பதில் இருக்கிறது. பொருள் பொறுப்பு என்ற அத்தியாயத்தின்படி, குறையுள்ள பொருள் இன்னொரு பொருளுக்குச் செய்த சேதத்துக்கு இழப்பீடு கோரலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் 86ஆம் பிரிவின்படி விற்ற கடைக்காரரே பொறுப்பு. அந்தப் பிரிவு உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால், கடையின் பெயரும் முகவரியும் தேதியும் "டைப்-சி கேபிள்" என்ற சொல்லும் உள்ள ஒரு பில் உங்களிடம் இருக்க வேண்டும். வெறும் "மொபைல் அயிட்டம்" என்று எழுதித் தந்தால் திருத்தி எழுதச் சொல்லி வாங்குங்கள்.